47 வயதில் ஒரு ராப் ஆல்பம்: ஜே-ஸீயின் "4:44" பற்றிய விவாத இழை

செப்டம்பர் 9, 2024 (ஒரு வாசகரின் கேள்வி)

அமெரிக்க ராப்பர் எல்எல் கூல் ஜே 11 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 56 வயதில், புதிய ஆல்பம் வெளியிட்டிருக்கிறார். பெரும்பாலான பாடல்களுக்கு க்யூ-டிப் பீட் (ராப்புக்கு அடியில் ஓடும் இசை) அமைத்திருக்கிறார் என்பதால் கேட்டேன், மோசமில்லை. ஆனாலும் ஒரு சந்தேகம். ராப் இளைஞர்களின் கலை. கையில் ஒன்றுமில்லாதவன் வாயை மட்டும் நம்பி மேடையேறியதுதான் அதன் வரலாறு. ஐம்பதை நெருங்கியவருக்கு, அதுவும் பெரும் செல்வந்தராகிவிட்டவருக்கு, மைக் முன்னால் நின்று சொல்ல என்ன மிச்சம் இருக்கும்? இப்படிக் கேட்டால் எல்லோரும் ராப்பர் ஜே-ஸீயின் "4:44" ஆல்பத்தைக் காட்டுகிறார்கள். எனக்கு அது, மனைவி பியான்சேயின் ஆல்பத்துக்குக் கணவர் எழுதிய மன்னிப்புக் கடிதத்தையும் பணம் சேர்ப்பது பற்றிய ஒரு சொற்பொழிவையும் ஒன்றாகத் தைத்ததுபோல்தான் படுகிறது. மன்னிப்பை வீட்டிலேயே கேட்டிருக்கலாமே?

செப்டம்பர் 10, 2024

மன்னிப்புக் கடிதம் என்ற பெயர் அந்த ஆல்பத்தின் பத்துப் பாடல்களில் ஒன்றுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். ஐந்தாவதாக வைக்கப்பட்டிருக்கும் தலைப்புப் பாடல் அது. மற்றவற்றில் ஒன்று தாயைப் பற்றியது, ஒன்று உயிலைப் பற்றியது, ஒன்று வளர்ந்த குடியிருப்பைப் பற்றியது, ஒன்று மறைந்த பாடகர் பிரின்ஸின் சொத்து படும் பாட்டைப் பற்றியது. 2017 ஜூன் 30 அன்று ஆல்பம் வெளியானபோது பத்திரிகைகளெல்லாம் அந்த ஒரு பாடலையே மொய்த்துக்கொண்டதால், ஆல்பத்தைக் கேட்காதவர்கள் மனத்திலும் அது கணவன் மனைவி விவகாரம் என்றே பதிந்துவிட்டது. முந்தைய ஆண்டு ஏப்ரலில் வந்த பியான்சேயின் "லெமனேட்" கணவரின் துரோகத்தை ஊரறியச் செய்திருந்தது. கணவர் என்ன பதில் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தவர்களுக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது மற்ற பகுதி. வயதான ராப்பருக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்கிறீர்கள். சொல்ல இருப்பது யாருக்கும் இருக்கும். அந்த வயதில் அதைச் சொல்லத் தோதான ஓசை கிடைப்பதுதான் அரிது. இந்த ஆல்பம் நிற்பது ஜே-ஸீயின் வாக்குமூலத்தால் அல்ல, அந்த வாக்குமூலத்துக்கு எதிரே யார் யாருடைய குரல்களை உட்காரவைப்பது என்று தயாரிப்பாளர் நோ ஐ.டி. எடுத்த முடிவுகளால்தான் என்பது என் கட்சி.

பத்துப் பாடல்களையும் ஒரே தயாரிப்பாளரிடம் ஒப்படைத்தது ஜே-ஸீயின் தனி ஆல்பங்களில் இதற்கு முன் நடக்காதது. நோ ஐ.டி. சிகாகோக்காரர், ராப்பர் காமனின் 1994 ஆல்பமான "ரெசரக்ஷன்" அவருடைய கைவண்ணம், இளம் கான்யே வெஸ்டுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர். ஏறக்குறைய ஜே-ஸீயின் வயதுக்காரர். ஜே-ஸீக்குப் பிடித்த பழைய பாடல்களையே எடுத்து, அவற்றை வெட்டி ஒட்டிப் பீட் அமைத்தார். அதனால்தான் நினா சிமோன், ஸ்டீவி வொண்டர், டோனி ஹாத்தவே, கிளார்க் சகோதரிகள், சிஸ்டர் நான்ஸி என்று ஒரு தலைமுறையே பின்னால் வந்து நிற்கிறது. மொத்தமே 36 நிமிடம்.

செப்டம்பர் 10, 2024, இரவு

வயது பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. ஜே-ஸீ 2003இல் "தி பிளாக் ஆல்பம்" வெளியிட்டு ஓய்வு அறிவித்தார். 2006இல் "கிங்டம் கம்" ஆல்பத்தோடு திரும்பினார். அப்போது வயது 36. அதில் ஒரு பாடல் முழுக்க, முப்பதுதான் இப்போது புதிய இருபது என்ற பெருமிதம். நான் பெரியவனாகிவிட்டேன் என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தால் அவர் இன்னும் பெரியவராகவில்லை என்றுதான் பொருள். 2013இல் தம் ஆல்பங்களைத் தாமே வரிசைப்படுத்தியபோது "கிங்டம் கம்"மைக் கடைசியில் வைத்தார், முதலிடத்தில் 1996இன் "ரீசனபிள் டவுட்". அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. "4:44"இல் எந்த இடத்திலும் அவர் தம் வயதை அறிவிப்பதில்லை.

செப்டம்பர் 13, 2024

"தி ஸ்டோரி ஆஃப் ஓ.ஜே." பாடலைச் சொற்பொழிவு என்று ஒதுக்குகிறவர்களுக்காக ஒரு குறிப்பு.

நினா சிமோனின் 1966ஆம் ஆண்டுப் பாடலான "ஃபோர் விமன்" நான்கு கறுப்பினப் பெண்களை வரிசையாக நிறுத்துகிறது. ஒவ்வொருத்தியும் தன் தோலின் நிறத்தைச் சொல்லி, தன் வாழ்க்கையைச் சில அடிகளில் சொல்லி, கடைசியில் தன் பெயரைச் சொல்கிறாள். ஒருத்தி கறுப்பு, ஒருத்தி மஞ்சள், ஒருத்தி வெளிர் பழுப்பு, ஒருத்தி பழுப்பு. நிறத்துக்கேற்ற விதியைச் சமூகம் எழுதிவைத்திருக்கிறது என்பது பாடலின் உள்ளுறை.

நோ ஐ.டி. இந்தப் பாடலின் குரலைத் துண்டாடிச் சுழலவிட, அதன்மேல் ஜே-ஸீ தம் பல்லவியை வைக்கிறார். அந்தப் பல்லவியும் ஒரு வரிசைதான்: வெளிர்நிறத்தவன், கருநிறத்தவன், போலி, அசல், பணக்காரன், ஏழை, வீட்டு அடிமை, வயல் அடிமை, எல்லா வகைக்கும் முடிவில் ஒரே சொல், கறுப்பினத்தவரை இழிக்கும் அந்த வசைச்சொல். நினா சிமோன் பெண்களை நிறத்தால் பிரித்துக் காட்டினார். ஐம்பது ஆண்டு கழித்து இவர் ஆண்களைத் தரம்பிரித்துக் காட்டி, எந்தப் பிரிவும் உங்களைக் காப்பாற்றாது என்கிறார். பிறகுதான் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சன் சொன்னதாக வழங்கிவரும் கூற்று வருகிறது: நான் கறுப்பன் அல்லன், நான் ஓ.ஜே. அதற்கு ஜே-ஸீ ஒரு கணம் மௌனம் விட்டு "ஓக்கே" என்கிறார், அவ்வளவுதான். ஹெட்போனில் அந்த மௌனத்தைக் கேளுங்கள். இருபது ஆண்டுகளாக எதிராளியை மடக்க நூறு அடிகள் அடுக்கிப் பழகியவர், இந்த இடத்தில் ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார். இளம் ராப்பர் ஒருவர் இதை இவ்வளவு குறைவாகச் செய்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பணம் பற்றிய அறிவுரை இதற்குப் பிறகுதான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். புரூக்ளினின் டம்போ பகுதி டம்போ என்று பெயரெடுப்பதற்கு முன்பே, 20 லட்சம் டாலருக்கு ஒரு கட்டடத்தை வாங்கியிருக்கலாம், இன்று அது 2.5 கோடி டாலர் என்று தம்மையே நொந்துகொள்கிறார். வாங்கத் தவறியதைச் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குகிறார். வாங்கியதைப் பிறகு சொல்கிறார். இதைச் சொற்பொழிவு என்பதைவிட, பெரியவர் ஒருவர் கைவிட்டுப்போன நிலத்தைப் பற்றித் திண்ணையில் உட்கார்ந்து புலம்புவது என்றால் பொருந்தும்.

மார்க் ரோமனெக்கும் ஜே-ஸீயும் சேர்ந்து இயக்கிய காணொளியையும் பார்த்துவிடுங்கள். கறுப்பினத்தவரைக் கேலிப்பொருளாக்கிய பழைய அமெரிக்கக் கார்ட்டூன்களின் பாணியையே எடுத்து, கறுப்பு வெள்ளையில் வரைந்திருக்கிறார்கள். தடித்த உதடும் பிதுங்கிய கண்ணுமாக ஜே-ஸீயே அதில் ஒரு கேலிச்சித்திரமாக வருகிறார்.

செப்டம்பர் 14, 2024

ஓவியத்தை 10 லட்சம் டாலருக்கு வாங்கி, இரண்டே ஆண்டில் 20 லட்சமாகி, பிறகு 80 லட்சமான கதையும் அதே பாடலில் இருக்கிறது என்று நினைவூட்டியவருக்கு நன்றி. அந்த அறிவுரையைப் பின்பற்ற எனக்கும் ஆசைதான். முதல் 10 லட்சம் டாலரை எங்கே வாங்குவது என்று அவர் சொல்லவில்லை.

செப்டம்பர் 21, 2024

தலைப்புப் பாடலுக்கு வருகிறேன். தள்ளிப்போட்டதற்குக் காரணம், அது எனக்கு நெடுநாள் பிடிக்காமல் இருந்ததுதான். புகழ்பெற்றவர் பொதுவெளியில் அழும்போது, அழுகையில் எவ்வளவு உண்மை என்று அளந்துபார்க்கும் புத்தி எனக்கு உண்டு. வரிகளை மட்டும் படித்தவரை அந்தச் சந்தேகம் போகவில்லை. பீட்டைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கியபோதுதான் போயிற்று.

பாடலின் அடியில் ஓடுவது "லேட் நைட்ஸ் அண்ட் ஹார்ட்பிரேக்" என்ற பாடல். பாடியவர் ஹானா வில்லியம்ஸ், பிரிட்டனைச் சேர்ந்த சோல் பாடகி. நினா சிமோன்போல் பழைய பெயர் அல்ல. அந்தப் பாடல் வெளிவந்து ஓராண்டுகூட முழுதாக ஆகாத நிலையில் எடுத்தாளப்பட்டது. பிற பாடல்களில் அரை நூற்றாண்டுப் பழமையைத் தேடிப்போனவர்கள் இங்கே மட்டும் புதிய ஒரு பாடலைத் தேர்ந்ததற்குக் காரணம் அந்தப் பாடலின் சொற்களிலேயே இருக்கிறது. உன்னை நான் நடத்த வேண்டிய விதத்தில் ஒருநாளும் நடத்தப்போவதில்லை, நாள்தோறும் உன்னைக் கைவிட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று ஒரு பெண் தொண்டை கிழியப் பாடுகிறாள். அதாவது, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சொற்கள் முதலில் ஒரு பெண்ணின் வாயிலிருந்து வருகின்றன. ஜே-ஸீ அவற்றுக்குக் கீழே, குரலை உயர்த்தாமல், கிட்டத்தட்டப் பேச்சு நடையில் பேசிக்கொண்டு போகிறார். கதறல் முழுவதும் அவளுடையது. இவர் கதறியிருந்தால் பாடல் நாடகமாகியிருக்கும்.

வரிகளில் என்னை உலுக்கியது மன்னிப்பு அல்ல. பிள்ளைகளுக்கு இதையெல்லாம் ஒருநாள் விளக்க வேண்டிவருமே என்று அவர் கற்பனை செய்யும் இடம். அன்று முகமூடி கழன்றுவிடும், கிறிஸ்துமஸ் தாத்தா பொய் என்பதும் தெரிந்துவிடும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். குழந்தையின் கண்ணில் தகப்பன் எவ்வளவு பெரிய கட்டுக்கதை என்பதைச் சொல்ல இதைவிடச் சிறிய வழி இல்லை. அதிகாலை 4:44க்கு விழித்துக்கொண்டு இந்தப் பாடலை எழுதியதாக அவர் சொல்லியிருக்கிறார். பாடலின் நீளமும் 4 நிமிடம் 44 விநாடி. நான்கு என்ற எண் அந்தக் குடும்பத்தில் எங்கும் உண்டு: அவர் பிறந்தது டிசம்பர் 4, மனைவி செப்டம்பர் 4, திருமணம் 2008 ஏப்ரல் 4.

வீட்டிலேயே கேட்டிருக்கலாமே என்ற உங்கள் கேள்விக்கு அவரிடமே ஒரு பதில் உண்டு. நியூயார்க் டைம்ஸ் ஆசிரியர் டீன் பேக்கேயுடன் நடந்து 2017 நவம்பரில் வெளியான உரையாடலில், தாங்கள் இருவரும் கலையையே ஒருவகைச் சிகிச்சை அமர்வாகப் பயன்படுத்தியதாகவும் சேர்ந்தே இசை அமைத்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். வீட்டிலும் கேட்டிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 22, 2024

"எல்லாம் வியாபாரம்" என்று ஒற்றை வரியில் முடித்தவருக்கு: ஆமாம், வியாபாரமும்தான். அதை மறைக்கவே இல்லை. முதலில் டைடல் என்ற இசை ஸ்ட்ரீமிங் தளத்தின் சந்தாதாரர்களுக்கும் ஸ்பிரின்ட் தொலைபேசி வாடிக்கையாளர்களுக்கும் மட்டுமே ஆல்பம் கிடைத்தது. டைடலின் பின்னாலிருந்த நிறுவனத்தை ஜே-ஸீ 2015இல் ஏறக்குறைய 5.6 கோடி டாலருக்கு வாங்கியிருந்தார். அதில் மூன்றில் ஒரு பங்கை 2017 தொடக்கத்தில் ஸ்பிரின்ட் வாங்கியது. ஒரு வாரத்துக்குள் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் பிளாட்டினம் சான்றும் கொடுத்துவிட்டது. ஆனால் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் அந்த வாரம் ஆல்பமே இல்லை, கணக்கு ஒப்படைக்கப்படவில்லை என்பதால். மற்றத் தளங்களுக்கு வந்த பிறகுதான் முதலிடம் பிடித்தது, 2,62,000 பிரதிகளுக்கு ஈடான எண்ணிக்கையோடு. பட்டியலில் முதலிடம் பிடித்த அவருடைய 14ஆவது ஆல்பம்.

டைடல் சந்தா இல்லாத என்போன்றோர் அந்த முதல் வாரத்தில் ஆல்பத்தைப் படித்தோம், கேட்கவில்லை. வரிகள் இணையமெங்கும் கிடந்தன. ஓசை மட்டும் இல்லை. நான் வெறும் வரிகளைப் படித்து அவசரப்பட்டு முடிவெடுத்ததில் அந்த வியாபார உத்திக்கும் பங்கு உண்டு என்று இப்போது தோன்றுகிறது.

அக்டோபர் 2, 2024

ஆல்பத்தை நான் வழிபடுவதாக யாரோ எழுதியிருக்கிறார்கள். குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.

"காட் தெயர் ஐஸ்" தளர்ந்த பாடல். ஃபிராங்க் ஓஷன் பாடியிருக்கிறார், நினா சிமோனின் "பால்டிமோர்" அடியில் ஓடுகிறது, இரண்டும் இருந்தும் பாடல் எங்கும் போய்ச் சேர்வதில்லை. பிரின்ஸின் சொத்து விவகாரத்தில் ஒரு வழக்கறிஞரைப் பெயர் சொல்லித் தாக்குவது அந்த மாதத்துச் செய்தியாகவே நின்றுவிட்டது.

"ஓ.ஜே." பாடலில் யூதர்களையும் சொத்துடைமையையும் இணைத்து வரும் அடி மோசமான அடி. யூத வெறுப்பை எதிர்க்கும் அமைப்பான அவதூறு எதிர்ப்புக் கழகம் அப்போதே கவலை தெரிவித்தது. பாராட்டாகச் சொன்னதுதான், மிகைப்படுத்திச் சொன்னதுதான் என்று பலர் வாதாடினார்கள். ஆனால் ஓரினத்தை ஒரே அச்சில் வார்க்கும் வசையைப் பற்றிய பாடலுக்குள் இன்னோர் இனத்தை அப்படியே வார்ப்பது, பாராட்டாகவே இருந்தாலும், பாடலின் சொந்த வாதத்தைக் குத்துகிறது. இந்த இடத்தைக் கேட்கும்போது இன்றும் எனக்கு முகம் சுளிக்கிறது.

பிறகு, "ஃபேமிலி ஃப்யூட்". ஒரு பில்லியனரைவிடச் சிறந்தது எது, இரண்டு பில்லியனர்கள் என்ற அடி. குடியிருப்பில் இன்னும் வாடகைக்குத் திண்டாடுகிறவனுக்கு இதனால் என்ன வந்தது? உங்கள் கேள்வியில் இருந்த நியாயம் இந்தப் பாடலில்தான் முழுதாகப் பலிக்கிறது.

அக்டோபர் 5, 2024

"ஃபேமிலி ஃப்யூட்" பற்றி எழுதியதை ஒரு படி தளர்த்துகிறேன். அடியின் கருத்தில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் அந்தப் பாடலின் சாம்பிள் (பீட்டுக்காக வெட்டியெடுத்த பாடல் துண்டு) கிளார்க் சகோதரிகள் பாடிய கிறித்துவ வழிபாட்டுப் பாடல். பணப் பெருமை பேசும் அடிகளுக்கு மேல் தேவாலயப் பெண்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். நடுவே பியான்சேயின் குரலும் வருகிறது. பெருமையடிப்பவரைச் சுற்றி ஒரு சபை உட்கார்ந்திருப்பதுபோன்ற உணர்வு. 2017 டிசம்பரில் ஏவா டுவெர்னே இயக்கிய காணொளியில் இதை வெளிப்படையாகவே காட்டிவிட்டார்கள்: தேவாலயம், பாவமன்னிப்புக் கூண்டு, ஒரு பக்கம் கணவர், மறுபக்கம் மனைவி. இசையில் இருந்த குறிப்பைக் காணொளி உரக்கச் சொல்லிக் கெடுத்துவிட்டது என்றுகூட எனக்கு ஒரு நினைப்பு.

அக்டோபர் 19, 2024

யாரும் பேசாமல் விட்ட இரண்டு பாடல்கள்: மூன்றாவதான "ஸ்மைல்", பத்தாவதான "லெகஸி". என்னைப் பொறுத்தவரை ஆல்பத்தின் இரு தூண்கள் இவைதான்.

"ஸ்மைல்" அவருடைய தாய் குளோரியா கார்ட்டரைப் பற்றியது. நான்கு பிள்ளைகளைப் பெற்ற அவர் பெண்களை நேசிப்பவர், அதை நெடுங்காலம் மறைத்தே வாழ்ந்தார் என்பதை மகன் இந்தப் பாடலில் சொல்கிறார். தாய் அதுபற்றி மனம்விட்டுப் பேசி, தாம் ஒருவரை நேசிப்பதாகச் சொன்னபோது தாம் அழுததாக 2018இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மேனிடம் சொன்னார். இதிலும் சாம்பிள்தான் முதலில் பேசுகிறது: ஸ்டீவி வொண்டரின் 1976ஆம் ஆண்டுப் பாடல், அன்பே இன்று அன்புக்காக ஏங்கி நிற்கிறது என்ற பொருளில் அமைந்தது. மகன் பேசி முடித்த பிறகு இசை தணிய, தாயே வந்து தம் சொந்தக் கவிதையைப் படிக்கிறார். நிழலில் வாழ்வது எப்படி இருக்கும் என்று தொடங்குகிறது. பாடகரின் குரல் அல்ல அது. எழுதிவைத்ததை நிறுத்தி நிறுத்திப் படிக்கும் வயதான தாயின் குரல். ஆண்மையைப் பறைசாற்றியே வளர்ந்த ஒரு கலையில், 21 ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் தம் பாடலின் கடைசி நிமிடத்தைத் தாயிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது சிறிய காரியம் அல்ல. இருபது வயதில் அவரால் இதைச் செய்திருக்க முடியாது. செய்திருந்தாலும் அன்றைய ரேடியோ அதைத் தொட்டிருக்காது.

"லெகஸி" குழந்தையின் கேள்வியோடு தொடங்குகிறது: அப்பா, உயில் என்றால் என்ன? மகள் புளூ ஐவியின் குரல். கேட்டதும் தகப்பன் யாருக்கு எது என்று சொல்லிக்கொண்டே போகிறார். கொஞ்ச நேரம் இது செல்வந்தர் வீட்டுச் சொத்துக் கணக்குபோலத்தான் இருக்கிறது. பிறகு பேச்சு சட்டென்று திரும்பி, மதபோதகரான தம் தாத்தா சொந்த மகளிடமே அத்துமீறியதை, இரண்டே அடிகளில், நெருக்கமான இயைபு அமைத்துச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார். அந்தக் காயம் குடும்பத்தையே பின்னுக்குத் தள்ளியது, இத்தனை ஆண்டுக்குப் பிறகு இப்போதுதான் பூஜ்யத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம் என்கிறார். அப்போதுதான் முன்னால் ஒலித்த சொத்துக் கணக்குக்கு வேறொரு பொருள் வருகிறது: குடும்பம் கையளிப்பது பணத்தை மட்டுமல்ல. அடியில் டோனி ஹாத்தவேயின் குரல், என்றாவது நாமெல்லாம் விடுதலை பெறுவோம் என்று.

எங்கள் வீட்டில் உயில் பற்றிப் பேச்சு எடுத்தாலே அபசகுனம் என்று பெரியவர்கள் வாயை அடைத்துவிடுவார்கள். குழந்தை அதைக் கேட்டு, தகப்பன் அதற்கு முகம் கொடுத்துப் பதில் சொல்வதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. எங்கள் குடும்பத்திலும் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் சொல்லாத சில விஷயங்கள் உண்டு. அவற்றைச் சொல்ல இரண்டு அடி போதும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அக்டோபர் 27, 2024

கிராமி பற்றிக் கேட்டிருந்தார்கள். எட்டுப் பரிந்துரைகள், ஒரு விருதும் இல்லை. 2018 ஜனவரி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் புரூனோ மார்ஸுக்கும் சிறந்த ராப் ஆல்பம் கென்ட்ரிக் லமாருக்கும் போயின. லமாருக்குப் போனதில் எனக்கு மனக்குறை இல்லை. அதே ஆண்டு ஜூனில் கணவனும் மனைவியும் சேர்ந்து வெளியிட்ட ஆல்பத்தில் அந்த எட்டுக்குப் பூஜ்யத்தை ஒரு வசையோடு அவரே பாடிவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த முடிவை "மூன்லைட்" பாடல் முன்பே எழுதிவைத்திருந்தது. 2017 பிப்ரவரியில் ஆஸ்கர் மேடையில் முதலில் தவறான படத்தின் பெயரை வாசித்துவிட்டுப் பிறகு "மூன்லைட்" படம்தான் என்று திருத்தினார்களே, அந்தச் சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு, நாம் வென்றாலும் தோற்றதாகவே முடியும் என்கிறார். ஆனால் பாடலின் உண்மையான குறி விருது அல்ல; ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டுச் சங்கிலியையும் காரையும் காட்டித் திரியும் இளம் ராப்பர்கள். இங்கேதான் அவர் வயது கொஞ்சம் தலைதூக்குகிறது. எல்லாரும் ஒரே மாதிரி ஒலிக்கிறீர்கள் என்று இளையவர்களைச் சாடுவது 1990களிலும் நடந்தது, இனியும் நடக்கும்.

நவம்பர் 8, 2024

குரல் பற்றி. ஜே-ஸீ வரிகளைத் தாளில் எழுதுவதில்லை, மனத்திலேயே கட்டி மைக் முன்னால் சொல்லிவிடுவார் என்பது பழங்கதைபோலப் பரவியிருக்கிறது. அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1996இன் "ரீசனபிள் டவுட்" ஆல்பத்தில் அந்தப் பழக்கம் வேகமாகத் தெரியும்: அடிக்குள் அடி, இயைபுக்குள் இயைபு, மூச்சு விடுமிடமே தெரியாது. "4:44"இல் மூச்சு விடுமிடங்கள் எல்லாம் தெரிகின்றன. அடிகள் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் நடக்கின்றன. சில இடங்களில் இயைபே இல்லாமல் உரைநடையாகி, பிறகு எங்கிருந்தோ ஒரு சொல் வந்து முந்திய அடியைப் பிடித்துக்கொள்கிறது. திறமை குறைந்துவிட்டது என்று ஒரு நண்பர் அப்போது சொன்னார். டிரம்மைப் பல பாடல்களில் நோ ஐ.டி. வேண்டுமென்றே தணித்து வைத்திருப்பதைப் பாருங்கள். பீட் உந்தித் தள்ளும்போது வேகமாகச் சொல்வது எளிது. மெதுவாகச் சொல்வதற்குத்தான் சொல்லில் சரக்கு வேண்டும்.

இதைச் சோதிக்க ஏற்ற பாடல் "மார்ஸி மீ". புரூக்ளினின் பெட்ஃபர்டு-ஸ்டைவஸன்ட் பகுதியில் அவர் வளர்ந்த மார்ஸி குடியிருப்பைப் பற்றியது. இதன் சாம்பிள் ஒரு போர்ச்சுகீசிய இசைக்குழுவுடையது. அந்தக் கிட்டாரில் எங்கோ தொலைவில் கேட்கும் ஒரு சோகம் இருக்கிறது. பாடலுக்குள் "ஹாம்லெட்" நாடகத்தில் ஒஃபீலியா சொல்லும் கூற்றும் வருகிறது, நாம் யாரென்று அறிவோம், என்னவாகப்போகிறோம் என்று அறியோம் என்பது. அந்தக் கூற்று துப்பாக்கிகளுக்கு நடுவே வந்து அலட்டாமல் உட்கார்ந்துகொள்கிறது. கொலைகாரர்களாக இருந்து சுவரோவியங்களாகிப்போனவர்களுக்கு வணக்கம் சொல்லும் அடியும் இதில்தான்.

நவம்பர் 16, 2024

ஜே-ஸீயின் பழைய போட்டியாளரான ராப்பர் நாஸ் பற்றி யாரும் எடுக்கவில்லையே என்று காத்திருந்தேன், எடுத்துவிட்டீர்கள். 2001இல் இருவரும் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்டவர்கள். நாஸ் தம் முதல் கிராமியை 2021இல், "கிங்ஸ் டிசீஸ்" ஆல்பத்துக்குப் பெற்றபோது அவருக்கும் வயது 47. அவரும் ஒரே தயாரிப்பாளரைப் பிடித்துக்கொண்டார். ஆனால் தம் வயதுக்காரரை அல்ல, தம்மைவிட மிக இளையவரான ஹிட்-பாயை. 2020 முதல் 2023 வரை இருவரும் ஆறு ஆல்பங்கள் வெளியிட்டார்கள். ஜே-ஸீ நான்கு ஆண்டு பேசாமல் இருந்துவிட்டு 36 நிமிடம் பேசினார். நாஸ் நாள்தோறும் கடையைத் திறந்து உட்காரும் தொழிலாளிபோல் வேலை செய்தார். வயதான ராப்பருக்கு என்ன மிச்சம் என்று முதலில் கேட்டவர் இந்த ஆறையும் வரிசையாகக் கேட்டால், மிச்சம் ஏராளம் என்றே ஒப்புக்கொள்வார்.

எது மேல் என்று கேட்டால், நாஸின் ஆறில் எதுவும் "4:44"போல் என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. ஆனால் வேலை செய்துகொண்டே கேட்க நான் எடுப்பது "கிங்ஸ் டிசீஸ்" மூன்றாம் பாகத்தைத்தான். "4:44"ஐ ஓடவிட்டுக்கொண்டு என்னால் வேறு வேலை செய்ய முடிவதில்லை. அதன் குறுந்தகட்டுப் பதிப்பில் கூடுதலாக மூன்று பாடல்கள் உண்டு, அவற்றில் "அட்னிஸ்" என்பது ஜே-ஸீ சிறுவனாக இருந்தபோதே வீட்டைவிட்டுப் போன அவர் தகப்பனைப் பற்றியது. ஸ்ட்ரீமிங்கில் பத்தோடு நிறுத்தியவர்கள் அதையும் தேடிக் கேளுங்கள், "லெகஸி"யை அடுத்து உடனே.